கனபாடித் தவளை

காட்டுக் குருகுலத்துக்குப் பின்னால் ஒரு குளம். அதில் ஒரு தவளை இருந்தது. கரையில் நடக்கும் வேதபாடத்தைக் கேட்டுக் கேட்டு, எந்த வாக்கியத்தையும் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓதப் பழகிவிட்டது. அப்படி ஓதத் தெரிந்தவர்களைக் கனபாடி என்பார்கள். தவளை அந்தப் பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. சூட்ட வேறு ஆள் இல்லை. பாடத்தில் கேட்ட ஒரு வேத வாக்கியத்தை இரவெல்லாம் ஓதும்.

“நீ யார்? யார் நீ? நீ யார் யார் நீ நீ யார்!”

பக்கத்து வளையில் இருந்த நண்டுக்குத் தூக்கம் போயிற்று. “ஓய் கனபாடி! யாரைத்தான் கேட்கிறீர்?”

“யாரையும் கேட்கவில்லை, ஓதுகிறேன்! நடுவில் நிறுத்தினால் பாவம்!”

குரல் பெரிது என்பதால் மற்றத் தவளைகள் அதைக் காவலுக்கு வைத்திருந்தன. பாம்பைக் கண்டால் கத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒருநாள் காலை சாரைப்பாம்பு வந்தது.

“பாம்பு வருகிறது!”

தவளைகளெல்லாம் குபுக் குபுக்கென்று தண்ணீரில் குதித்தன. கனபாடி குதிக்கவில்லை. பாதியில் விடலாமா?

“வருகிறது பாம்பு! பாம்பு வருகிறது வருகிறது பாம்பு…”

“அதான் வந்துவிட்டேனே!” என்று பாம்பு எதிரில் தலையைத் தூக்கியது. “யாரப்பா நீ?”

கனபாடிக்கு உச்சி குளிர்ந்தது. தெரிந்த பாடம்!

“நீ யார்? யார் நீ? நீ யார்…”

“நான் கேட்டதை எனக்கே திருப்பித் தருகிறாயே! பதிலைச் சொல்!”

பதிலா? அப்படி ஒன்று இருக்கும் என்றே கனபாடிக்கு இதுவரை தோன்றியதில்லை. வாயைத் திறந்தது. அதற்குள் பாம்பு அதன் பின்னங்காலைக் கவ்வியது.

“ஐயோ, செத்தேன்!”

நண்டு விருட்டென்று வெளியே வந்து பாம்பின் வாலை இடுக்கியது. “ஆ!” என்று பாம்பு வாயைப் பிளந்தது. கனபாடி தண்ணீரில் விழுந்தது. வலி தாங்காமல் வாலை உதறிவிட்டுப் பாம்பு புதருக்குள் ஓடியது.

“எத்தனையோ காலமாகக் கத்துகிறீர், நான் எட்டிப் பார்த்ததில்லை” என்றது நண்டு. “இன்றைக்குத்தான் மனசிலிருந்து ஒரு வார்த்தை வந்தது.”

கனபாடி காலைத் தடவிக்கொண்டே சிரித்தது. “நானும் ஒரு கனபாடி! பாம்பு வந்து கேட்கும்வரை அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தெரியாது, ஓய்!”

“சரி, இப்போது நான் கேட்கிறேன். நீர் யார்?”

“தெரியவில்லை.”

அதைத் திருப்பிப் போட்டு ஓதும் என்று நண்டு காத்திருந்தது. ஓதவில்லை. கனபாடி யோசித்துக்கொண்டிருந்தது.

வேதத்தின் கேள்வியை முன்னும் பின்னும் ஓதத் தெரிந்தால் போதாது, ஒரு முறையாவது அதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.