ஐந்தூர்க் காட்டுப் பரண்

ஐந்து ஊர்களுக்கும் பொதுவாக ஒரு காடு இருந்தது. மாசியில் பத்து நாள் அங்கே யார் வேண்டுமானாலும் மான் வேட்டையாடலாம். மூன்று வருஷம் தொடர்ந்து வெறுங்கையோடு திரும்பியவன் மட்டும் தன் வில்லை ஐயனார் காலடியில் வைத்துவிட வேண்டும். அதன்பிறகும் அவன் காட்டுக்கு வரலாம், அடுத்தவன் அடித்த மானைச் சுமப்பதற்கு.

இடும்பனுக்கு இது மூன்றாவது வருஷம். பத்து நாளில் ஏழு நாள் போய்விட்டது.

அவன் சோம்பேறி இல்லை. குறி தவறுகிறவனும் இல்லை. குளம்புத் தடம் எங்கே அதிகமோ அங்கே பரண் கட்டினான். மான்கள் நக்க வரும் உப்புத்தரையில் தடம் மேல் தடமாகக் கிடந்தது; அங்கே அவனுக்கு முன்பே ஒன்பது பரண் இருந்தன. மான் வந்தால் எந்தப் பரணை முதலில் பார்ப்பது என்று அதற்கே குழப்பம் வந்திருக்கும். சுனைக்குப் போனான், அங்கேயும் கூட்டம். அரை நாள் நடந்து காட்டின் அடிவயிற்றுக்கே போனான். அதே யோசனையோடு பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் வெட்கத்தை விட்டு மருதியிடம் வந்து நின்றான். மருதிக்கு அவனைவிட இருபது வயது குறைவு. பக்கத்து ஊரிலிருந்து வாழ வந்தவள். வந்த வருஷத்திலிருந்து ஒரு மாசியிலும் அவள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. இந்த வருஷம் முதல் நாளே மானை அடித்துவிட்டு, வீட்டில் நிம்மதியாக அம்புக்கு இறகு கட்டிக்கொண்டிருந்தாள்.

"மான் எங்க வரும், ஆசானே?" என்று கேட்டான். அந்த 'ஆசானே' அவன் தொண்டையில் கொஞ்சம் சிக்கித்தான் வெளியே வந்தது.

"அத விடுங்க அண்ணே. ஆளுங்க எங்க போறாங்க?"

இடும்பனுக்குத் தெரியவில்லை. மான் தேட வந்தவன் ஆளை எதற்குப் பார்க்க வேண்டும்?

மருதி அவன் வில்லை வாங்கிச் சுவரில் மாட்டினாள். நாளைக்குக் காட்டு வாசலில் இருக்கும் பாறைமேல் விடிவதிலிருந்து பொழுது சாயும்வரை உட்காரச் சொன்னாள். வில் வேண்டாம், கண் போதும் என்றாள்.

எட்டாம் நாள் பாறைமேல் கழிந்தது. நாற்பது பேர் பாறைக்கு எதிரே இருந்த வண்டிப்பேட்டையில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு காட்டுக்குள் ஓடுவதைப் பார்த்தான். அவன் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள். அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சாயங்காலம் மருதி கேட்டாள்: "யாரும் போகாத இடம் எது?"

"அப்படி ஒரு இடமும் இல்ல. எல்லாரும் எல்லா எடத்துக்கும் போறாங்க."

"அப்ப நாளைக்கும் உட்காருங்க."

இருப்பதே இரண்டு நாள். அதில் ஒன்றையும் பாறைக்குத் தின்னக் கொடுப்பதா? அப்பா தொட்ட வில், தாத்தா தொட்ட வில் இவளுடைய சுவரில் தொங்குகிறதே என்று அவனுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தான். வேறு வழியும் இல்லை.

ஒன்பதாம் நாள் காட்டைப் பார்ப்பதை விட்டான். வேறு வேலை இல்லாததால் ஆட்களையே பார்த்தான். வண்டிப்பேட்டைக்குப் பின்னால், ஐம்பதடியில், காட்டுப் பாதையோரமாக ஒரு சூரைமுள் புதர் அடர்ந்து கிடந்தது. கஞ்சி குடித்தவர்கள் எச்சில் இலையை அதில் வீசினார்கள். ஒதுங்கப் போனவர்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருவன்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கடைசி ஆள் காட்டுக்குள் மறைந்த சற்று நேரத்தில், புதருக்குள் தவிட்டுக்குருவிகள் எதையோ பார்த்துவிட்டுக் கத்தத் தொடங்கின. வெகுநேரம் கத்தின.

சாயங்காலம் அவன் அதைச் சொன்னபோது மருதி இறகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரண் கட்டக் கயிறு இருக்கா அண்ணே?"

மருதியின் சுவரிலிருந்து வில்லை வாங்கிக்கொண்டு, பத்தாம் நாள் விடியும் முன்பே புதரோரத்து வாகைமரத்தில் இடும்பன் ஏறிவிட்டான். காற்று புதரிலிருந்து அவன் பக்கம் வீசியது. நாற்பது பேரும் அவன் காலுக்கடியில் நடந்து போனார்கள். ஒருவனும் அண்ணாந்து பார்க்கவில்லை.

வெயில் ஏறியது. பேட்டையில் மாடுகள் அசைபோட்டன. வேட்டை முழக்கும் பறைக்காரன் வண்டிக்கடியில் குறட்டை விட்டான்.

அப்போது கலைமான் வந்தது. ஒளிந்தும் வரவில்லை, ஓடியும் வரவில்லை. ஆட்கள் போன பாதையிலேயே, அவர்கள் செருப்புத் தடத்தின்மேல் குளம்பை வைத்து, தன் வீட்டுக்குத் திரும்புகிறமாதிரி நிதானமாக வந்தது. இடும்பன் நாணை இழுத்து விட்டான். மூன்று வருஷமாகக் காத்திருந்த அம்பு அது. ஒன்றே போதுமாக இருந்தது.

மான் விழுந்த சத்தத்தில் பறைக்காரன் அலறியடித்து எழுந்து, மானைப் பார்த்து, இடும்பனைப் பார்த்து, பிறகு ஐந்து ஊருக்கும் கேட்கிறமாதிரி பறையை அடித்தான். இடும்பன் மரத்திலிருந்து இறங்கி மானின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டான். சந்தோஷம் தாங்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த வருஷத்திலேயே பெரிய கொம்பு அதுதான். பாறைமேல் அவனைப் பார்த்துச் சிரித்தவர்களே மானை மூங்கிலில் கட்டித் தோள்மேல் தூக்கினார்கள். வில் ஐயனாரிடம் போகவில்லை, அவனோடு வீட்டுக்குப் போனது.

ஊர்வலம் கிளம்பும்போது மருதி வந்தாள். இடும்பன் ஊரே பார்க்க அவள் காலடி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இந்தமுறை 'ஆசானே' தங்குதடையில்லாமல் வந்தது. ஆனால் அவன் மனதில் அதற்குள் ஒரு கவலை முளைத்திருந்தது.

"ஆசானே, இடம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அடுத்த மாசிக்கு நான் பரண எங்க கட்டுறது?"

மருதி திரும்பிப் பார்த்தாள். சூரைப்புதரைச் சுற்றி இருந்த மரங்களுக்கு இப்போதே அடிதடி. எந்த மரத்தில் யார் முதலில் கயிறு கட்டுகிறார்களோ, அது அடுத்த வருஷத்துக்கு அவர்களுடையது. நாலைந்து பேர் பாதி மரத்தில் இருந்தார்கள். மிச்சப் பேர் கயிற்றோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"அதோ," என்றாள், "மரமேறிக்கிட்டு இருக்கே அண்ணே, உங்க பதில்."