உரல் மேல் ஏறிய கூத்தன்

வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு. முப்பது வருஷம் வடகரையில் எல்லைக்காவல் பார்த்த கூத்தன், அதே கரையில் மடம் வைத்திருந்த உமையம்மைக்குச் சீடரானார். குருவுக்குச் சீடரைவிட இருபது வயது குறைவு. ஈட்டியை விட்டுவிட்ட கூத்தன் வீம்பை மட்டும் விடவில்லை.

அக்கா நாச்சி தென்கரைக்காரனைக் கட்டிக்கொண்ட அன்றே, "இனி கானாட்டு மண்ணை மிதிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டிருந்தார். இன்று அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டால்தான் பெண் மணையேறுவாள். அக்கரையில் மேளம் கொட்டக் கொட்ட, கட்டிவைத்த மாலையைச் சுற்றிச் சுற்றி வந்தார் கூத்தன்.

அப்போதுதான் வந்தது வெள்ளம்! மடத்துக்கு மேற்கே கரையை உடைத்து, மூங்கில் தோப்பை வேரோடு பிடுங்கி, மடத்துக்கு வடக்கே இருந்த பள்ளத்தில் பாய்ந்தது.

"தாயே! ஆறு வழி மாறுது! ஓடி வாங்க, ஓடி வாங்க!" சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார் கூத்தன்.

கொஞ்ச நேரத்தில் தெற்கே வெறும் மணல். ஆறு முழுக்க மடத்துக்கு வடக்கே ஓடிற்று.

சட்டென்று அவருக்கு உறைத்தது. ஆற்றுக்குத் தெற்கே எல்லாம் கானாடு. அவரே எத்தனை பேரிடம் சொல்லித் திருப்பியனுப்பிய சட்டம்!

ஒரே தாவாகத் தாவி, முற்றத்தில் கவிழ்த்திருந்த உரல் மேல் ஏறிக்கொண்டார்.

"என்ன ஐயா இது?" என்றார் உமையம்மை.

"கால் படக் கூடாது தாயே!"

"இவ்வளவு நேரம் அதே மண்ணுலதானே குதிச்சீங்க?"

"நானா மிதிச்சேன்? ஆறுல்ல இடம் மாறுச்சு! அது கணக்கில்ல. யாராவது என்னைத் தூக்கிட்டுப் போனா, அதுவும் கணக்கில்லதானே?"

"உங்களைத் தூக்க யானைதான் வரணும்."

ஈரமணலில் நாச்சி ஓடிவந்தாள். கல்யாணப் பட்டெல்லாம் சேறு.

"தம்பி! முகூர்த்தம் போகுதுடா! மாமா வராம மணையேற மாட்டேன்னு உக்காந்திருக்கா!"

இருபது வருஷம் கழித்துக் கேட்ட குரல். கூத்தனுக்குக் கண் நிறைந்துவிட்டது. உரல் மேல் நின்றபடியே கை கூப்பினார்.

"தாயே, இறங்கினா சபதம் உடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க!"

உமையம்மை மாலையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"உடைஞ்சிடும். இறங்குங்க."