வடிவு அடுப்புக்கு வந்த வெளிச்ச உருண்டை

ஏட்டி செம்பா, இங்கன வா. அத்தை பக்கத்துல படு. காலை மேல போடாத, எனக்கு இடுப்பு வலிக்குது. நான் கதை சொல்லுவேன், நீ "ம்" கொட்டணும். கொட்டலன்னா பாதியில விட்டுட்டு நான் தூங்கிருவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு வெண்டைச் செடி. அதுல ஒரு இலை. அந்த இலைக்குள்ள, நம்ம கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி ஊரு. ஊருக்கு நடுவுல, பள்ளத்துல, ஒரே ஒரு அடுப்பு. அதுல சமைக்கிறவ பேரு வடிவு. வெளிச்சத்தை அடுப்புல போட்டுச் சர்க்கரை காய்ச்சி, செடிக்குச் சோறு போடுறது அவ வேலை. அவளைச் சுத்திப் படிப்படியாப் பச்சைச் சட்டைக்காரங்க உக்காந்திருப்பாங்க.

"ம்."

வெளிச்சம் உருண்டை உருண்டையா விழும். டொப்! மேல்படியில இருக்கிறவங்க பிடிப்பாங்க. ஆனா யாரும் கையில வெச்சுக்கக் கூடாது, அதுதான் அந்த ஊர் வழக்கம். கண்ணிமைக்கிற நேரத்தைக் கோடித் துண்டாக்கினா, அதுல ஒரு துண்டுக்குள்ள உருண்டை கை மாறி அடுப்புக்கு வந்து சேரணும். இல்லேன்னா புஸ்ஸு! சும்மா சூடாப் போயிரும்.

அப்போ ஐப்பசி மாசம். ஏழு நாளா அடைமழை. செடியில அப்பத்தான் ஒரு பிஞ்சு விட்டிருந்துச்சு, உன் சுண்டுவிரல்ல பாதி. பொழுது சாயறதுக்குள்ள அதுக்குக் கொஞ்சம் சர்க்கரை போகலன்னா வெம்பி உதிர்ந்துரும். வடிவு அண்ணாந்து மேகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. அப்போ மேகம் லேசா விலகிச்சு. முதல் உருண்டை விழுந்துச்சு.

"நான் சொல்றபடி செய்யுங்க"ன்னான் பிச்சமுத்து. அவன் மேல்படிக்காரன், ஊர்ல மூத்தவன். "பக்கத்துல யாரு கை இருக்கோ அதுல போடு. எப்பவும் அப்படித்தானே வந்துச்சு?"

தொப், தொப், தொப். கை மாறிக் கை மாறிப் போச்சு. ஆனா எந்தப் பக்கம் போகுதுன்னு ஒருத்தரும் பாக்கல. முன்னால போச்சு, பின்னால வந்துச்சு, ஊரை ஒரு சுத்து சுத்துச்சு. நல்ல வெயில் நாள்ல நூறு விழும், பத்து வீணானா யாரும் கேக்கப் போறதில்ல. அன்னிக்கு அப்படியா? புஸ்ஸு!

"ம்... ஒண்ணு போச்சு."

ஆமா. அப்புறம் நடுப்படியில இருந்த ஆவுடை கத்தினா. "போதும்யா உன் கெட்டிக்காரத்தனம். இலைச் சூட்டுல எந்நேரமும் எல்லாரும் குலுங்கிக்கிட்டே இருக்கீங்க, அதான் கெடுது. கையக் கோத்துக்கங்க, மூச்சு விடாதீங்க. குளத்து அலை மாதிரி எல்லார்கிட்டயும் ஒண்ணாப் பரவி, அதுவே வழி கண்டுபிடிச்சுக்கும்."

ஊரே கை கோத்து வெறச்சு நின்னுச்சு. டொப்! ரெண்டாவது உருண்டை. அலையாத்தான் பரவுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா ஆவுடைக்கும் அவ பக்கத்துல இருந்தவளுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. அங்க, இங்க, அங்க, இங்க. அடுத்த படிக்கு இறங்கவே இல்ல. புஸ்ஸு!

"ஐயையோ அத்தை!"

பொறுடி. மூணாவது விழுந்துச்சு. அதுதான் கடைசி, மறுபடி மேகம் மூடிருச்சு. அதுவும் அதே ரெண்டு பேர்கிட்ட அங்க, இங்க. வடிவு பாத்தா, பிஞ்சோட காம்பு மஞ்சளாகுது. அவளால தாங்க முடியல, ஓன்னு அழுதுட்டா. "பாவிகளா, பச்சப்புள்ளய்யா அது! வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது, நான் என்னத்தக் குடுப்பேன்?"

விசும்பி விசும்பி அழுதா. வடிவும் சேந்துதானே எல்லாரும் கை கோத்திருந்தாங்க? அவ குலுங்கினதுல பக்கத்துல இருந்தவ குலுங்கினா, அவளுக்கு அடுத்தவன் குலுங்கினான், ஊரே குலுங்கிச்சு. குலுங்கினதும், மாட்டிக்கிட்ட உருண்டை நழுவிச்சு. கீழ்ப்படி. அதுக்கும் கீழ்ப்படி. இறங்கினது திரும்ப மேல ஏறல. தொப், தொப், தொப்... சொய்ங்! நேரா அடுப்புல.

"ம்! வந்துருச்சா!"

வந்துருச்சு. உடனே சண்டை. "கை மாறித்தானே வந்துச்சு, நான் சொன்னபடி"ங்கிறான் பிச்சமுத்து. "கை கோத்ததாலதான்யா வந்துச்சு"ங்கிறா ஆவுடை. வடிவு கண்ணைத் தொடச்சுக்கிட்டுக் கரண்டிய ஓங்கினா. "புள்ள சாப்பிடுது. ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

"யாரு சொன்னது சரி அத்தை?"

ரெண்டுலயும் பாதி பாதி. இலைக்குள்ள வெளிச்சம் எப்படிப் போகுதுன்னு பெரிய படிப்புப் படிச்சவங்களே இன்னும் அடிச்சுக்கிட்டுக் கெடக்காங்க, என்னைய ஏன் கேக்குற?

"பிஞ்சு என்னாச்சு?"

காயாச்சு. இன்னிக்குக் காலையில பறிச்சு நான்தான் பொரியல் வெச்சேன்.

"அதையா! பாவம் அத்தை!"

பாவமா? நல்லாருக்குன்னு ரெண்டு தடவ வாங்கித் தின்னது யாருடி? அழாத. அது எங்கயும் போகல. உன் கையைக் கன்னத்துல வெச்சுப் பாரு. வெதுவெதுன்னு இருக்கா? அந்த வெளிச்சம்தான் அது. வடிவு அழுது வாங்கினது.

"...ம்."

கதை இலைக்குள்ள போச்சு, நீ போர்வைக்குள்ள போ. கண்ணை மூடு.