கன்னி நாய் பார்த்த சேலை

ஓடப் பிறந்த நாயைச் சங்கிலியில் கட்டி வாட்டுகிறீரே, உம்மைத்தான் சொல்கிறேன். பேர் எதற்கு, ஊருக்கே தெரியும்.

உம் மருமகள் பேச்சியம்மாளோடு கல்யாணச் சீராக வந்தது கன்னி இனத்து அந்த வேட்டை நாய். அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அது சோற்றைத் தொடவில்லை. ஆடு மேய்க்கிற அவள் தம்பி மாடக்கண்ணு வந்து நின்றான்.

"மாமா, கட்டியே போட்டா செத்துப்போகும். குடுத்துருங்க."

"சீர் திரும்பாதுடே. வேணும்னா கண்மாய்க்கு அந்தக் கரையில நில்லு. வாயத் திறக்காம, சோறு காட்டாம வரவை. வந்தா உனக்கு."

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் சிரித்தது. அவன் வாதாடவில்லை. அக்கரைக்குப் போய், மடியிலிருந்த அக்காவின் மஞ்சள் சேலையை எடுத்து உதறினான். மோப்ப நாய் என்றால் தரையை முகர்ந்துகொண்டு நின்றிருக்கும். கன்னிக்குக் கண்தான் எல்லாம். அவிழ்த்துவிட்டதும் வறண்ட கண்மாயை அம்பாய்க் கடந்தது.

சேலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு நிமிர்ந்து, சேலையைப் பிடித்திருந்தவன் முகத்தைப் பார்த்தது. அவள் இல்லை. சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சேலை காட்டக்கூடாதுன்னு சொல்லலியே மாமா" என்றான்.

நீர் மட்டும் "ஏமாத்து வேலை" என்று மறுபடி கட்டினீர். பேசினது பேச்சு, ஐயா. தெருவில் மஞ்சள் தெரிந்தால் அது இன்னும் எழுந்து நிற்கிறது. உம் கையாலேயே சங்கிலியை அவிழ்த்து, இன்றைக்கே நாயை மாடக்கண்ணுவிடம் கொடும்.