முகத்துவாரம் மூடிய ஏழு நாள்

கடலோரக் காடு ஒன்றில் ஒரு குட்டி ஓடை இருந்தது. காலையில் குன்றின் மேல் அதில் விழும் இலை மதியத்துக்குள் கடலுக்குப் போய்விடும். அவ்வளவுதான் அதன் நீளம். கடலைத் தொடும் முன் அந்த ஓடை அகன்று ஒரு கழியாகத் தேங்கும். கழிக்கரையில் ஒரு நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள்.

அவள் பெரிய பிடிவாதக்காரி. பிடித்த மீனை விட்டதாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் அந்த வருஷம் பிடிப்பதற்குத்தான் மீன் இல்லை. ஓடைத் தண்ணீர் சேறும் நாற்றமுமாக வந்தது. மடவை மீன்கள் கழிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மூத்த குட்டிகள் இரண்டுக்கும் கண் வீங்கிப் பீளை தள்ளியது. கடைக்குட்டியோ அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தது.

"பேசாமல் வேறு கழிக்குப் போய்விடேன்," என்றது நாரை. எதற்கெடுத்தாலும் பறந்துவிடுவது நாரையின் வழக்கம்.

"உனக்குச் சிறகு இருக்கிறது. என் கடைக்குட்டியால் பத்தடி நடக்க முடியாது," என்று சொல்லிவிட்டு, நீர்நாய் ஓடையோரமாக மேலே நடந்தாள்.

பாதி வழியில் விஷயம் புரிந்துவிட்டது. முரட்டுக் காட்டுப்பன்றி ஒன்று கோரைக்கிழங்குக்காகக் கரையை உழுதுகொண்டிருந்தது. அது முட்டிய இடமெல்லாம் மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது. சோம்பேறி எருமை ஒன்று ஓடையின் நடுவே படுத்திருந்தது. தின்பதற்கு மட்டுந்தான் அது எழுந்திருக்கும். மற்றதெல்லாம் படுத்த இடத்திலேயே.

"அண்ணன்மாரே, உங்கள் அழுக்கெல்லாம் என் பிள்ளைகள் வாயில் வந்து விழுகிறது," என்றாள் நீர்நாய்.

"ஓடுகிற தண்ணீர் தங்கச்சி. போட்டது நிற்கவா போகிறது?" என்றது பன்றி, தலையைக்கூடத் தூக்காமல்.

எருமை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "நாங்கள் ஒன்றும் விவரம் கெட்டவர்கள் இல்லை. குடிக்கும் துறை மேலே, புரளும் துறை கீழே. என்றைக்காவது மாற்றிக் குடித்திருக்கிறோமா?"

"உங்கள் கீழ்த்துறைக்கும் கீழே நாங்கள் இருக்கிறோமே."

"அது உன் பாடு," என்று எருமை கண்ணை மூடிக்கொண்டது.

திரும்பும் வழியெல்லாம் நீர்நாய்க்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடித்துவிடலாம்தான். ஆனால் எருமைத் தோலில் யார் பல் இறங்கும்? வேறு வழி யோசித்தாள்.

ஓடை கடலில் சேரும் வாய்க்கு முகத்துவாரம் என்று பெயர். மழைக்காலம் முடிந்ததும் கடல் அங்கே மணலைக் கொண்டுவந்து கொட்டும். விட்டால் இரண்டே நாளில் வாய் அடைத்துக்கொள்ளும். தினமும் விடியற்காலையில் அந்த மணலைப் பறித்து வழிவிட்டுக்கொண்டிருந்தது யார் என்கிறீர்கள்? நம் நீர்நாய்தான். மேலே இருந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

மறுநாள் அவள் மணல் பறிக்கப் போகவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்க் கடற்பாறைகளுக்கு நடுவே வைத்தாள். பக்கத்தில் மணலைத் தோண்டி, நல்ல தண்ணீர் ஊற்று ஒன்று எடுத்தாள். கழுகு வருமோ என்று பகலெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஓடை நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் பின்வாங்கி ஏறத் தொடங்கியது. ஆறாம் நாள் கீழ்த்துறை எது, மேல்துறை எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எருமை வழக்கம்போல ஒரு வாய் குடித்தது. அடுத்த நொடியே துப்பியது.

"யாருடைய சாணி இது?" என்று சீறியது.

"இந்த ஓடையில் எருமை நீ ஒருத்தன்தான்," என்றது பன்றி. அதன் வாயிலும் சேறுதான் இருந்தது.

ஏழாம் நாள் இரண்டும் தாகம் தாங்காமல், ஓடை ஏன் நின்றது என்று பார்க்க முகத்துவாரத்துக்கு ஓடிவந்தன.

"என்ன செய்தாய் நீ?" என்று உறுமியது பன்றி.

"ஒன்றும் செய்யவில்லை அண்ணா. செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன்," என்று நீர்நாய் தன் முன்கால்களை நீட்டினாள். நகங்கள் பாதிக்குப் பாதி தேய்ந்திருந்தன.

எருமை அந்த நகங்களையும் மணல்மேட்டையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பாறையிடுக்கில் சுருண்டிருந்த கடைக்குட்டியைப் பார்த்தது. அதற்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இந்தத் தண்ணீரில் ஒரு வாய்தான் குடித்தேன். இன்னும் குமட்டுகிறது. இந்தப் பிஞ்சு தினமும் இதையா குடித்தது?" என்றது.

"தினமும்," என்றாள் நீர்நாய். "வழி திறந்தால் அழுக்கு உங்களை விட்டுப் போய்விடும். நாளைக்குப் புதிதாக வருவதை என் பிள்ளைகள் குடிப்பார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

"ஓடையை விட்டுத் தள்ளி ஒரு பள்ளம் இருந்தால் அதிலேயே புரண்டுகொள்வேன்," என்றது எருமை. "அதைத் தோண்ட எனக்குத்தான் சோம்பல்."

"நான் தோண்டித் தருகிறேன்," என்று முனகியது பன்றி. "கிழங்கையும் கரையில் எடுக்கமாட்டேன். இருபது அடி தள்ளியே எடுக்கிறேன். போதுமா?"

"போதும் அண்ணா."

பன்றி மூக்கை மணலில் கொடுத்து நாலு முட்டு முட்டியது. நீர்நாய் காலைப்பொழுது முழுக்கச் செய்யும் வேலை, மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிட்டது. தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் திபுதிபுவென்று கடலுக்கு ஓடியது.

ஓடை ஒரே நாளில் தெளிந்துவிடவில்லை. கரையில் கோரை மறுபடி வேர்பிடித்து, மண்ணைப் பற்றிக்கொள்ள ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதன் பிறகு மடவைகள் கூட்டமாகக் கழிக்குள் வந்தன. கடைக்குட்டி தேறி, தானே முதல் மீனைப் பிடித்தது. நீர்நாய்க்கு மனசு நிறைந்துவிட்டது.

ஒருநாள் வெளிக்காட்டுப் பன்றி ஒன்று வந்து ஓடைக்கரையை முட்டத் தொடங்கியது.

நம் முரட்டுப் பன்றி அதை ஓரமாகத் தள்ளி நிறுத்தியது. "இங்கே தோண்டாதே தம்பி," என்றது. "கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள்."

நீதி: நாம் விடும் தண்ணீரைத்தான் இன்னொருவர் குடிக்கிறார், அவர் துறையையும் நம் துறையாக எண்ணிக் காக்க வேண்டும்.