இரண்டு கதவும் ஒரு மந்திரக் கிண்ணமும்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் மீசை உதிரட்டும். மீசை எங்கே என்று கேட்காதீர்கள். அது வேறொரு கதையில் உதிர்ந்தது.

முன்னொரு காலத்தில், மீன்கள் கொட்டாவி விட்ட காலத்தில், ஆம்பல் நாட்டில் ஒரு கால்வாய் இருந்தது. மேலே ஏரி, கீழே கடல். நடுவே ஆழமான கல் தொட்டி. அதற்கு மேல்கதவு ஒன்று, கீழ்க்கதவு ஒன்று. படகு தொட்டிக்குள் வந்ததும் மேல்கதவை மூடுவார்கள். கீழ்க்கதவில் இருக்கும் சின்னப் பலகையைத் தூக்கினால் தண்ணீர் வடியும், படகு மெல்ல இறங்கும். அப்புறம்தான் கீழ்க்கதவு திறக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் ஏரி கடலுக்குப் போய்விடும், நாடு காய்ந்துவிடும்.

கதவுகளைக் காத்தவர்கள் கொம்பையாவும் அவன் மனைவி வடிவாச்சியும்.

ஒருநாள் மந்திரவாதி மகரகேது படகில் வந்தான். அவன் கையில் ஒரு மந்திரக் கிண்ணம். ஓடுகிற தண்ணீரை அது எவ்வளவானாலும் குடிக்கும். நிற்கிற தண்ணீரை நக்கிக்கூடப் பார்க்காது. ஏரியோ நிற்கிற தண்ணீர். அதை ஓட வைக்க, இரண்டு கதவையும் ஒன்றாகத் திறக்கச் சொன்னான். கொம்பையா முடியாது என்றான். மகரகேது கிண்ணத்தின் கடைசிச் சொட்டை அவன்மேல் தெளித்தான். கொம்பையா நின்ற இடத்தில் ஒரு நீர்நாய் நின்றது.

கதவைத் திறந்தால் புருஷன் திரும்பக் கிடைப்பான் என்றான் மகரகேது.

நீர்நாய்க்கு வாய் மட்டும் போகவில்லை. "வடிவு, கதவை விட்டுடாதே. மீன் இருந்தா ஒண்ணு குடு."

காலையில் மகரகேது கேட்டான்: "திறக்கிறாயா?"

"கீலுக்கு எண்ணெய் போடணும் சாமி."

மதியம் கேட்டான்: "திறக்கிறாயா?"

"பாசி சுரண்டணும் சாமி."

சாயங்காலம் கேட்டான்: "திறக்கிறாயா?"

"திறக்கிறேன் சாமி. ஏரி மொத்தமும் தொட்டி வழியாத்தானே பாயும்? படகோட தொட்டி நடுவுல நில்லுங்க, ஒரு சொட்டுத் தப்பாது."

அவன் உள்ளே வந்தான். பின்னால் மேல்கதவு தடாலென்று மூடியது.

"ஏன் மூடுகிறாய்?"

"ஒண்ணைத் திறக்கணும்னா இன்னொண்ணை மூடணும் சாமி. இங்க அதுதான் வழக்கம்."

சொல்லிக்கொண்டே கீழ்க்கதவின் பலகையை விரல்கடை அளவு தூக்கினாள். தண்ணீர் ஓடியது. ஏரிதான் ஓடுகிறது என்று நினைத்தான் பேராசைக்காரன்.

"குடி கிண்ணமே, குடி. குடி கிண்ணமே, குடி. குடி கிண்ணமே, குடி!"

கிண்ணம் குடித்தது. எதை? அவன் படகைத் தாங்கிய தண்ணீரை! படகு இறங்கியது, இறங்கியது, சொத்தென்று சேற்றில் உட்கார்ந்தது. சுற்றிலும் பாசிச் சுவர். ஓட்டம் நின்றது. நிற்கிற தண்ணீர் ஆகாத கிண்ணம் கடைசி மடக்கில் அதையும் விழுங்கி, பூசணிக்காயாக உப்பி, டமாரென்று வெடித்தது. மந்திரமெல்லாம் போயிற்று. மேலே கொம்பையா மனிதனாக நின்றான், வாயில் பாதி மீனோடு.

"துப்பிட்டு வாய்யா" என்றாள் வடிவாச்சி. சிரித்துக்கொண்டேதான் அழுதாள்.

ஊரே ஆடிப் பாடியது. ராஜா அரண்மனை தருகிறேன் என்றார். வடிவாச்சி வேறொன்று கேட்டாள்: கதவுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகும்வரை ராஜாவின் படகும் காத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ராஜாவும் காத்திருந்தார்.

மகரகேது இன்னும் அங்கேதான் பாசி சுரண்டுகிறான். கதை சொன்னது யார் என்று கேட்டால் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். உடைந்த கிண்ணத்தின் துண்டு ஒன்று அவன் மடியில் இருக்கிறதாம். எனக்கு மீன் ஆகாது.