ரசத்தில் ஓடிய டாங்கி

"இன்னைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் உங்க மாமா வாயை மூடி வச்சிருடா கோதண்டம். மத்ததை நான் பாத்துக்கறேன்"ன்னு எங்க அக்கா கன்னியம்மா சொன்னப்போ, ஏதோ ஒரு தைரியத்துல நானும் தலையாட்டிட்டேன். ஆத்து வெள்ளத்தைக் கையால நிறுத்தச் சொல்லியிருந்தாக்கூட கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.

அக்கா பயந்ததுல தப்பு இல்ல. அவ பொண்ணு யமுனாவுக்கு இது மூணாவது வரன். மொத வரன் காட்பாடியில இருந்து வந்தது. அவங்க முன்னாடி அக்கா புருஷன், எங்க மாமா தணிகாசலம், எதிரி வுட்ட ஏவுகணையை வெறுங்கையால புடிச்சி, மூக்கைத் திருப்பி, வந்த வழியே அனுப்பி வச்ச கதையைச் சொன்னார். காபி ஆறுறதுக்குள்ள கெளம்பிட்டாங்க. ரெண்டாவது வரன் ஆம்பூர். அவங்ககிட்ட, நடு வானத்துல ஹெலிகாப்டர் காத்தாடி ஒடஞ்சி போனப்போ, மேல ஏறி நின்னு தன் துண்டைச் சுழட்டியே தரையில எறக்கினதைச் சொன்னார். அவங்க காபி வர்றதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாங்க.

மாமா பட்டாளத்துல பதினெட்டு வருஷம் இருந்தது நெசம். பூட்ஸ் ஸ்டோர்ல. "எட்டாம் நம்பர் தீந்து போச்சி, ஒம்போதுல பேப்பர் வச்சிப் போட்டுக்க"ன்னு சிப்பாயிங்களுக்குச் சொல்றதுதான் அவர் பாத்த போர். ஆனா அவர் வாயில அந்த ஸ்டோர் ஒரு நாளும் வந்ததில்ல.

இந்த மூணாவது வரனோட அப்பா முனிரத்தினம், தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவர். வெத்தலை பாக்கு கூட யார்கிட்டயும் வாங்காத மனுஷன். அவர் வாழ்க்கையிலயே ஒரு பொய் சொன்னதில்லன்னு தரகர் பெருமையா சொன்னப்போ, அக்கா மூஞ்சி செத்துப் போச்சி. பையன் லோகநாதன் சிப்காட்ல வேலை. யமுனாவுக்கு அவனோட போட்டோ புடிச்சிருந்தது. அதை அவ சொல்லல. ஆனா மூணு வாட்டி எடுத்துப் பாத்தான்னு அக்கா சொன்னா.

"காபித் தட்டைத் தூக்கிக்கினு வந்து நிக்கல்லாம் மாட்டேன். பூங்காவுல பாக்கலாம், பேசலாம்"னு யமுனா சொல்லிட்டா. பேங்குல வேலை பாக்கிற பொண்ணு, அவ பேச்சை மீற முடியாது. அக்காவும் சரின்னுட்டா. பூங்காவுக்கு நடுவுல ஒரு டாங்கி நிக்குதுங்கறது அந்த நேரத்துல எங்க யாருக்கும் ஞாபகத்துக்கு வரல. எங்க பக்கத்துல தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்துக்குப் போனவங்க. அவங்க நினைவா, ஓய்வு குடுத்த டாங்கி ஒண்ணைக் கொண்டாந்து, சிமெண்ட் மேடை கட்டி நிறுத்தி வச்சிருந்தாங்க.

மாமா, அக்கா, யமுனாவோட நான் போய்ப் பாத்தா, அவங்க மூணு பேரும் அந்த டாங்கிக்கு நேர் எதிர் பெஞ்சில உக்காந்திருக்காங்க. முனிரத்தினம் முதுகு வளையாம, கைக்குட்டையை மடிச்சி மடியில வச்சிக்கினு. பக்கத்துல அவர் சம்சாரம் வசந்தா, வாயைத் தொறக்காம. கடைசியில லோகநாதன்.

நான் வாங்கி வச்சிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அப்படியே மாமா கையில குடுத்து, "சாப்பிடு மாமா, சாப்பிட்டுக்கினே இரு"ன்னேன். கொஞ்ச நேரம் நல்லாதான் போச்சி. வெயிலைப் பத்திப் பேசினோம். பஸ்ஸைப் பத்திப் பேசினோம். அப்போ அந்தப் பையன் லோகநாதன், மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசணுமேன்னு கேட்டான்:

"அங்கிள், நீங்க மிலிட்டரிதானே? இந்த மாதிரி டாங்கியெல்லாம் கிட்டப் பாத்திருக்கீங்களா?"

அக்கா கண்ணை மூடிக்கினா.

"இந்த மாதிரியா?" மாமா கடலையைப் பெஞ்சில வச்சார். "தம்பி, இதேதான். இது என் வண்டி. அதோ பாரு, பின்பக்கம் ஒரு நெளிவு இருக்குதே, அது நான் சாஞ்சிக்கினு தூங்கின எடம்."

"மாமா, கடலை ஆறுது"ன்னேன்.

"இருடா. ராஜஸ்தான் பாலைவனம் தம்பி. என்னா வெயிலுன்ற! ஒட்டகம் நெழலுக்காக ஒண்ணோட நெழல்ல ஒண்ணு நிக்கும். டாங்கி மேல தண்ணி தெளிச்சா சொய்ங்னு சத்தம் வரும். நான் பாத்தேன், இதை எதுக்கு வீணாக்கணும்னு, மாவைக் கரைச்சி ஊத்தினேன். முறுகலா தோசை! ஒரே ஈட்டுல முப்பது. மொத்தப் படைக்கும் காலை டிபன் இந்த டாங்கி முதுகுலதான்."

முனிரத்தினம் மெதுவாத் திரும்பினார். "சட்னிக்குத் தேங்கா?"

"ஊர்லருந்து மூட்டையா வரும் சார்."

"ஒடைக்கிறதுக்கு?"

"பீரங்கி எதுக்கு இருக்குது? தேங்காயை மேல தூக்கிப் போடுவோம், ஒரு ஷாட்! ஓடு அந்தப் பக்கம், பருப்பு இந்தப் பக்கம், தண்ணி நேரா சொம்புல."

லோகநாதன் வாயைப் பொத்திக்கினான். அவங்கப்பா பொத்திக்கல. அவர் மூஞ்சில ஒரு கோடு கூட அசையல.

"வாசனை காத்துல போச்சி பாருங்க," மாமா எழுந்து நின்னுட்டார், அப்பால அவரை உக்கார வைக்க முடியாது, "எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து வெள்ளைக்கொடி புடிச்சிக்கினு எட்டு பேர் வந்தாங்க. சரணடைய வந்தாங்கன்னு நெனச்சோம். தட்டோட வந்திருக்கானுங்க! ஆளுக்கு நாலு தோசை போட்டு அனுப்பினேன். அதுல ஒருத்தன் காரச்சட்னி கேட்டான். அவனை மட்டும் கைது பண்ணோம்."

"அதுக்கு உனக்கு மெடல் குடுத்தாங்களா மாமா?"ன்னு நான் குத்தலாக் கேட்டேன், வேணும்னே, நிறுத்தறதுக்கு.

"மெடலாடா முக்கியம், போர்க்களத்துல? குறுக்கப் பேசாத. கேளுங்க சார். ஒரு நாள் டீசல் தீந்து போச்சி. முன்னாடி மணல், பின்னாடி மணல். தளபதி அழுவுறார். 'சார், கண்ணைத் தொடைங்க'ன்னேன். மத்தியானம் வச்ச ரசம் ஒரு அண்டா மிச்சம் இருந்தது. நல்ல மெளகு ரசம். தூக்கி ஊத்தினேன் டீசல் டாங்க்ல. ஒரு செருமு செருமிச்சி பாருங்க, வண்டிக்கு இருந்த சளியெல்லாம் வெளிய வந்துடுச்சி! அப்பால புடிச்ச வேகத்துல ஜீப்பையெல்லாம் தாண்டிப் போச்சி. அன்னையிலிருந்து புகை வராது. பெருங்காய வாசனைதான் வரும். எதிரி, ஏதோ பந்தி நடக்குதுன்னு வழி வுட்டுட்டான்."

"சார்," முனிரத்தினம் டாங்கியைக் கையால காட்டினார், "அந்த மேல் மூடி எவ்வளவு அகலம்னு பாத்தீங்களா? அதுல நீங்க எறங்கினீங்களா?"

எல்லாரும் மாமா வயித்தைப் பாத்தோம்.

"அப்ப ஒல்லி சார். ரைட்டு திரும்பி நின்னா, வருகைப் பதிவுல ஆளில்லைன்னு போட்டுடுவாங்க."

முனிரத்தினம் கைக்குட்டையை எடுத்து நெத்தியைத் தொடைச்சார். வேர்வை ஒண்ணும் இல்ல. அக்கா மாமா வேட்டி நுனியைப் புடிச்சி இழுத்தா. அவரு அதை ஈ ஓட்டற மாதிரி தட்டி வுட்டுட்டு, டாங்கியோட பீரங்கிக் குழாயைப் பாத்தார். குரல் கொஞ்சம் தழைஞ்சிது.

"யமுனா பொறக்கறப்போ எனக்கு லீவு குடுக்கல சார். ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கன்னு தந்தி வந்தது. நான் போய் நின்னேன். 'முடியாது'ன்னுட்டாங்க. ரயில்ல போனாலும் மூணு நாளு. நான் என்ன பண்ணேன், நேரா இந்தக் குழாய்க்குள்ள நுழைஞ்சிட்டேன். சுடறவன் நம்ம ஆளு, திருவண்ணாமலைக்காரன். 'தெக்கால பாத்து, கொஞ்சம் தூக்கலா அடிடா'ன்னேன். அடிச்சான் பாருங்க! விந்திய மலை மேல போறப்போ குளிருச்சி, நாக்பூர் பக்கம் ஒரு பருந்து கூடவே வந்துது. பாலாத்து மணல்ல தொப்புன்னு வுழுந்தேன். தட்டிக்கினு எழுந்து, நடந்து போயி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன், உள்ள கொழந்த அழுவுது. மொதல்ல வாங்கினது நான்தான். இந்த ரெண்டு கையாலதான்."

முனிரத்தினம் எழுந்தே போயி அந்தக் குழாய் வாயில கையை வச்சிப் பாத்தார். திரும்பி வந்தார். "ஒரு சாண் கூட இல்ல. இதுக்குள்ள ஆள் எப்படி சார் நுழைவான்?"

"லீவு கெடைக்காத மிலிட்டரிக்காரன் எதுக்குள்ள வேணா நுழைவான் சார்."

யாரும் சிரிக்கல. முனிரத்தினம் உக்காரவே இல்ல. கைக்குட்டையை நாலா மடிச்சி ஜோபில வச்சார்.

"கெளம்பலாம்," பையனைப் பாத்துச் சொன்னார். அப்பால அக்காவைப் பாத்து, "தப்பா நெனைக்காதீங்கம்மா. பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. ஆனா எனக்கு வாயில வர்ற வார்த்தை அளந்து வரணும். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல இவர் சொல்றதை நான் எப்படி நம்பறது?"

அக்கா முந்தானையை வாயில வச்சிக்கினா. மாமா அப்பதான் நடந்தது புரிஞ்ச மாதிரி நின்னார். ஏவுகணையைப் புடிச்ச கை ரெண்டும் தொங்கிப் போச்சி. லோகநாதன் எழுந்தான், உக்காந்தான், மறுபடி எழுந்தான். அவனுக்கு அப்பாவை எதுத்துப் பேசிப் பழக்கம் இல்லைன்னு பாத்தாலே தெரிஞ்சிது.

யமுனாதான் பேசினா. "அங்கிள், ஒரு நிமிஷம். எங்கப்பா டாங்கி பக்கமே போனதில்ல. பூட்ஸ் ஸ்டோர்ல இருந்தாரு. நான் பொறந்தப்போ அவரு வரவும் இல்ல. என்னை மொதல்ல பாத்தப்போ எனக்குப் பதினோரு மாசம். அவரைப் பாத்துட்டு யாரோன்னு அழுதேனாம். அதுலருந்து என் ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் இந்தக் குழாய்க் கதையைச் சொல்லுவாரு. மத்த கதைங்களை நீங்க நம்ப வேணாம். நானும் நம்பறதில்ல. இதை மட்டும் பொய்யின்னு சொல்லிட்டுப் போகாதீங்க. எனக்கு அது வேணும்."

மாமா டாங்கிப் பக்கம் திரும்பி நின்னுட்டார். முதுகுதான் தெரிஞ்சிது. முனிரத்தினம் பையனைப் பாத்தார், பையன் யமுனாவைப் பாத்துக்கினு இருந்தான்.

அப்போ ஒரு சிரிப்புச் சத்தம். வசந்தாம்மா. அதுவரைக்கும் வாயே தொறக்காத அம்மா, புடவைத் தலைப்பால கண்ணைத் தொடைச்சிக்கினு சிரிக்கறாங்க.

"காரச்சட்னி கேட்டவனை மட்டும் கைது பண்ணீங்களாண்ணா?" மூச்சு வாங்கிச்சி அவங்களுக்கு. "ஐயோ. இந்த மனுஷனைக் கட்டிக்கினு முப்பது வருஷம். 'இந்தப் புடவை நல்லா இருக்குதா'ன்னு கேட்டா, 'அஞ்சரை மீட்டர் இருக்குது'ன்னு சொல்வார். ஒரு கதை கேட்டதில்ல நானு. உக்காருங்க எல்லாரும். எனக்கும் ஒண்ணு இருக்குது, சொல்லணும்."

"வசந்தா," முனிரத்தினம் எச்சரிக்கை மாதிரி சொன்னார்.

"நீங்களும் உக்காருங்க. அண்ணா, எங்க சித்தப்பா கப்பல் படையில இருந்தாரு, விசாகப்பட்டினத்துல. என் கல்யாணத்தப்ப நல்ல மழை. எங்க ஆற்காட்டுலருந்து இவரு ஊரு பள்ளிகொண்டாவுக்கு பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டாங்க. பொண்ணை எப்படி அழைச்சிக்கினு போறது? சித்தப்பா சொன்னாரு, 'கவலைப்படாதீங்க, என் நீர்மூழ்கியைக் கொண்டாறேன்'னு. கொண்டாந்தாரு. பாலாத்துலயே வந்தோம். நானு, சீர்வரிசைத் தட்டு இருபத்தொண்ணு, நாதஸ்வரக்காரரு, எல்லாரும் உள்ள."

மாமா படக்குன்னு திரும்பினார். "பாலாத்துல தண்ணி ஏதும்மா?"

எங்க மாமா ஒருத்தரைப் பாத்துச் சந்தேகமாக் கேள்வி கேட்டதை நான் அன்னைக்குதான் மொதல் தடவையாப் பாத்தேன்.

"மேலதாண்ணா இல்ல. அடி மணல்ல ஊத்து ஓடுதே? அதுக்குள்ளயே வந்தோம். வெளிய பாக்கற குழாய் ஒண்ணு நீட்டிக்கினு இருக்கும்ல, அது மட்டும்தான் மணலுக்கு மேல. ஆடு மேய்க்கிறவங்க பாத்துட்டு, மணல்ல ஏதோ சாமி மொளைச்சி நகருதுன்னு மாலை போட்டு, மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க. சித்தப்பாவுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியல, ஒரே சாமந்தி. வழி தவறி காஞ்சிபுரமே போயிட்டோம்."

"அப்பால?" மாமா கிட்ட வந்து உக்காந்தே போயிட்டார்.

"திரும்பி வர்றப்ப, மேல மணல் லாரிக்காரன் கடப்பாறையால டங்குன்னு இடிச்சான். சித்தப்பா மூடியைத் தொறந்து, 'யாருய்யா அது, கீழ பொண்ணு உக்காந்துகினு கீது'ன்னு ஒரு அதட்டுப் போட்டாரு. அவன் லாரியை வுட்டுட்டு ஓடிட்டான். அந்த லாரியிலதான் சீர்வரிசையை ஏத்தினோம். முகூர்த்தத்துக்குக் கரெக்டா வந்துட்டேன். இல்லன்னா இவரு அப்பவே கெளம்பியிருப்பாரு."

லோகநாதன் அம்மாவை வாய் பொளந்து பாத்துக்கினு இருந்தான். பொறந்ததுலருந்து அவங்க இத்தனை வார்த்தை பேசி அவன் கேட்டதில்ல போல. யமுனா சிரிச்சிட்டா. அவ சிரிச்சதைப் பாத்து அவனும் சிரிச்சிட்டான்.

மாமாவுக்கு மட்டும் மனசு ஆறல. தொழில்ல தனக்கு மேல ஒருத்தங்க வந்ததை ஏத்துக்க முடியல. நேரா முனிரத்தினம் முன்னாடி போயி நின்னார்.

"சார், நான் பொய்யன், ஒத்துக்கறேன். ஆனா நீங்க பொய்யே சொல்ல மாட்டீங்க. ஊரே சொல்லுது. நீங்க சொல்லுங்க. பாலாத்து மணலுக்கு அடியில நீர்மூழ்கி வந்துதா, இல்லையா?"

எல்லாரும் அவரைப் பாத்தோம். முனிரத்தினம் மாமாவைப் பாத்தார். பையனைப் பாத்தார், பக்கத்துல சிரிப்பு அடங்காம நிக்கற யமுனாவைப் பாத்தார். கடைசியா தன் சம்சாரத்தைப் பாத்தார். அந்தம்மா சிரிப்பை நிறுத்திட்டு, என்ன சொல்லப் போறாரோன்னு காத்துக்கினு இருந்தாங்க. ரொம்ப நேரம் பாத்தார்.

அப்பால மெதுவா பெஞ்சில உக்காந்தார். தொண்டையைச் செருமினார்.

"வந்துது"ன்னார். "மறுவீட்டுக்குப் போறப்ப நானும் அதுலதான் போனேன். உக்கார எடம் கெடைக்கல. ஆற்காடு வரைக்கும் நின்னுகினேதான் போனேன்."